பனைவெல்லச் சாட்சி

சாலமோன் இரண்டு மாதத்துக்கும் மேலாகக் குடித்துவந்த டீயில் பனைவெல்லம் கிடையாது. பேருக்குக்கூட ஒரு கட்டி கிடையாது. இது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் அவனுடைய பெண்டாட்டி கங்கம்மா. புருஷனிடம் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் சாலமோனோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திவிட்டு வந்து பேசட்டும்.

சாலமோன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். கூரைக்குக் கீழே ஐம்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பைக் கீழே நிற்கிறவர்கள் தலைக்கு மேலே கொண்டுபோகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட்டில் அவன்தான். அவனுடைய அப்பா ஊரான் கழனியில் குனிந்தே முதுகு போனவர். மகனோ எல்லாரையும் மேலேயிருந்து பார்க்கிற இடத்துக்கு ஏறிவிட்டான். சம்பளம், மரியாதை, வாய்க்கொழுப்பு எல்லாமே அந்தச் சீட்டு கொடுத்ததுதான். அங்கே உட்காருகிறவனுக்குத் தலை சுற்றக் கூடாது என்பதால் கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் வைக்கும்.

மெடிக்கல் வந்தால் அந்த ஷெட்டில் ஒரு சடங்கு நடக்கும். நாற்பதைத் தாண்டிய ஆம்பளைகள் இரண்டு நாள் முன்னாலிருந்தே சோற்றைத் தொட மாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகற்காய் ஜூஸ் குடிப்பார்கள். லஞ்ச் டைமில் தொப்பையைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி நடப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேராகப் பிரியாணிக் கடைக்குப் போவார்கள். வருஷம் பூராவும் தின்றதை இரண்டு நாளில் மறைத்துவிடலாம் என்று நம்பிய இந்த மகா மூளைக்காரர்களில் சாலமோன்தான் தலைவன். போன வருஷம் வரை அது பலித்தது. இந்த வருஷம் கம்பெனி டாக்டர், மூன்று மாதச் சர்க்கரையை மொத்தமாகக் காட்டிக்கொடுக்கிற டெஸ்ட்டைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு நாள் பட்டினி கிடந்த சாலமோனுக்கு ஒன்பது புள்ளி நாலு என்று வந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் எட்டுக்குக் கீழே வரவேண்டும், வராவிட்டால் கிரேனை விட்டு இறங்கிக் கீழே கம்பிக் கட்டு எண்ணப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். சமைக்கிறவளுக்கும் தெரியட்டும் என்று நர்ஸ் தமிழ்செல்வி கங்கம்மாவையும் வரச் சொன்னாள்.

"அக்கா, டீயில ஒண்ணுமே போடாம குடிச்சுப் பழகச் சொல்லுங்க. முடியவே முடியலன்னா இந்த இனிப்பு மாத்திரைய ஒண்ணு போட்டுக் குடுங்க, இது சக்கரைய ஏத்தாது. வெல்லம், தேனு, நாட்டுச்சக்கர எல்லாம் சக்கரதான். பேருதான் வேற."

கங்கம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் பக்கத்துக் கம்பெனி கேண்டீனில் டீ போடுகிறவள். தினம் அறுநூறு டீ, ஒன்பது கிலோ சர்க்கரை. என்ன போட்டால் எது இனிக்கும் என்பது அவள் கைக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து அந்தக் குட்டி டப்பாவை மேஜைமேல் வைத்ததுமே சாலமோன் எட்டி உட்கார்ந்தான்.

"இன்னாமே இது? கெமிக்கலு! இத்தப் போயி வாயில போடச் சொல்றியா?"

கங்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இரும்புப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தவன். சிப்காட்டில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு புது நாற்றம் வரும், அதைச் சுவாசித்தே பிள்ளை பெற்றவன். சனிக்கிழமை ஆனால் குவாட்டர் வாங்கி, மூடியைத் திருகும்போது அது எந்தத் தோட்டத்துப் பழம் என்று ஒருநாளும் கேட்காதவன். அவனுக்கு மிளகு அளவு மாத்திரையைக் கண்டதும் கெமிக்கல் பயம் வந்துவிட்டது.

"அந்தக் குவாட்டரு இன்னா, மரத்துல காய்க்குதா?" என்று கேட்டாள்.

"அது வேற, இது வேற" என்றான். எதில் வேறு என்று அவன் சொல்லவில்லை.

இந்தப் பயத்தை அவன் மண்டையில் ஏற்றியவன் வரதன், கூடப் படித்தவன். முதலில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான், பிறகு கேன் தண்ணீர் போட்டான். இரண்டும் படுத்துக்கொண்டதும் பைபாஸ் ஓரமாக இயற்கை அங்காடி திறந்தான். வாசலில் மண்பானை, உள்ளே சாக்குப்பை விரித்த அலமாரி, கல்லாவில் நரைத்த தாடியோடு வரதன். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் பிரசங்கம் செய்வான். மத்தியானம் ஆனால் பக்கத்துக் கடையிலிருந்து நாலு பரோட்டாவும் சால்னாவும் வாங்கி, பானைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவான். கங்கம்மா அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

"பனைவெல்லம் நேச்சுரல், சாலமா. நம்ம தாத்தனுங்கல்லாம் இதான் தின்னானுங்க. யாருக்காவது சுகர் இருந்துச்சா?" என்று வரதன் வீட்டுக்கே வந்து கேட்டான்.

கங்கம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "எங்க தாத்தன் பொழுது சாயற வரைக்கும் சேத்துல நின்னாரு, ரெண்டு வேள கூழு குடிச்சாரு. பனைவெல்லம் வாங்க அவருகிட்ட ஏது டப்பு? இவரு சீட்டுல குந்திக்கினு பட்டனு அமுக்கறாரு. ரெண்டும் ஒண்ணா?"

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றான் வரதன். சாலமோன் அதற்குத் தலையாட்டினான். போகும்போது இரண்டு கிலோ தலையில் கட்டிவிட்டுத்தான் வரதன் போனான்.

அன்றிலிருந்து சாலமோன் ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொன்றிலும் எலுமிச்சை அளவு வெல்லம். இயற்கைதானே, அளவு எதற்கு? மூன்றாவது வாரம் கங்கம்மா பக்கத்து வீட்டு சுகர் மெஷினை வாங்கிவந்து அவன் விரலைக் குத்திப் பார்த்தாள். முன்னூற்றுப் பத்து காட்டியது.

"ஒடம்புல இருக்கற விஷம்லாம் வெளிய வருது. மொதல்ல ஏறும், அப்பறம் எறங்கும். வரதன் சொல்லிக்கீறான்" என்றான் சாலமோன்.

அவனுக்கு இருந்தது இன்னும் இரண்டு மாதமும் சில நாளும். சீட்டு போய்விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்று கங்கம்மாவுக்குத் தெரியும். நாளெல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எரிந்து விழுவான். வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்தாள், கையால் செய்துவிட்டாள்.

கிரேனிலிருந்து டீ குடிக்க இறங்கி ஏறினால் கால் மணி நேரம் போய்விடும் என்பதால் சாலமோன் பிளாஸ்க்கோடுதான் மேலே ஏறுவான். அந்த பிளாஸ்க்கை நிரப்புகிறவள் கங்கம்மா. டிகாஷனைக் கொஞ்சம் தூக்கலாக இறக்கினாள். சுக்கைத் தட்டிப் போட்டாள், நாலு ஏலக்காய் நசுக்கினாள். அதில் இனிப்பு மாத்திரை நாலு. வீட்டில் குடிக்கிற டீக்கும் அதே வழி. வாசனைக்கு என்று பழைய கட்டியிலிருந்து நகக்கண் அளவு சுரண்டி, முதல் வாரம் மட்டும் சேர்த்தாள். இரண்டாவது வாரம் அதுவும் தேவைப்படவில்லை. வரதன் அனுப்புகிற பாக்கெட்டெல்லாம் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் பழைய அரிசி டிரம்முக்குள் போயின.

முதல் நாள் சாலமோன் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"ஆங்... இதாமே டேஸ்ட்டு! மண்ணு வாசன அப்பிடியே வருது பாரு. கெமிக்கலு எங்க, இது எங்க!"

கங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது அவனுக்குத் தெரியக் கூடாதே என்று வெந்நீர் சொம்பை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் கைகொடுத்தார், சீட்டு தப்பியது. அன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கங்கம்மா இருந்தாள். சொல்லும்போது அவன் மூஞ்சி போகிற போக்கை நினைத்து, காலையிலிருந்தே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் வரும்போதே வரதனைக் கூட்டிக்கொண்டு வந்தான். வரதன் கையில் மாலை. மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற புருஷனிடம் எதைச் சொல்வது? இந்தக் கூத்தையும் பார்த்துவிடுவோம் என்று விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. காலனி சபையில் வாரா வாரம் யாராவது எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, மகன் பாஸானான் என்று ஏதாவது இருக்கும். பாஸ்டர் ஸ்டீபன் மைக்கை நீட்டியதும் சாலமோன் முன்னால் போனான்.

"சகோதர சகோதரிகளே, டாக்டரு எனக்குக் கெமிக்கலக் குடுத்தாரு. நான் தொடல. ஆண்டவரு பனமரத்தப் படைச்சிருக்கச்சொல்லோ கெமிக்கலு இன்னாத்துக்கு? மூணு மாசம் பனைவெல்லம்தான் குடிச்சேன். ஒம்பது நாலு, ஏழு ரெண்டா எறங்கிடுச்சு. அல்லேலூயா!"

சபை மொத்தமும் அல்லேலூயா சொன்னது. டாக்டர் கொடுத்த சுகர் மாத்திரையைத் தினமும் சோற்றுக்கு முன்னால் கங்கம்மா வாயில் திணித்ததை அவன் சொல்லவில்லை. அது அவனுக்கு ஞாபகம்கூட வரவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கங்கம்மா முக்காட்டுக்குள் சிரித்தாள். மறுவாரமே வரதன் கடை வாசலில் பிளெக்ஸ் தொங்கியது. மாலையும் கழுத்துமாகச் சாலமோன், பக்கத்தில் பனைமரம், இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்பது நாலு, ஏழு இரண்டு என்று எண்கள். கேண்டீனில் எல்லாரும் கேட்டபோதும் கங்கம்மா வாயைத் திறக்கவில்லை. முட்டாள்கள் வாங்கட்டும், நமக்கென்ன என்று இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் தன் நாத்தனார் ஜெபாவைப் பார்க்கப் போனாள். ஜெபா சாலமோனுக்கு மூத்தவள், புருஷனில்லாதவள், ஒரு பெயின்ட் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. பத்து வருஷமாகச் சுகர். பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், இடது கால் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. கிட்டே போனபோதே வாடை அடித்தது. கையில் பெரிய டம்ளர்.

"இன்னா அண்ணி இது? மாத்திர போடறியா இல்லியா?"

"நிறுத்திட்டேன். தம்பிக்கே எறங்கிடுச்சே. நான் ஒரு நாளைக்கு ஆறு டம்ளரு பனைவெல்லத் தண்ணி குடிக்கறேன். புண்ணு ஆறிடும், விஷம் வெளிய வருதுன்னு வரதன் சொன்னான்."

கங்கம்மா டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அப்படியே பாயில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெபா கேட்டு முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்தம்பி சபையில நின்னு, மைக்கப் புடிச்சு, ஆண்டவரு பேரால சொல்லிக்கீறான். நீ யாருமில்லாதப்ப வந்து காதுல ஓதற. அவன நாலு பேரு மெச்சறது ஒனக்குப் பொறுக்கல, அதான?"

"அண்ணி, சத்தியமா..."

"போ கங்கா, போயி வேலயப் பாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் கங்கம்மா தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். வரதன் காசுக்காகப் புளுகினான், சாலமோன் தெரியாமல் புளுகினான். எல்லாம் தெரிந்த இவள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரில் கேவலமானவர் யார் என்று கேட்டால் அவளுக்கு அன்று பதில் தெரிந்திருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் சாலமோன் வீம்புக்காகவே மறுபடியும் வெல்லத்தைக் கரைத்துக் குடிப்பான். அடுத்த டெஸ்ட்டில் சீட்டு போகும். சொல்லாவிட்டால் ஜெபாவின் கால் போகும். மைக்கில் சொன்னதை மைக்கில்தான் அழிக்க முடியும். ஞாயிறு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஞாயிறன்று கட்டைப்பையோடு சபைக்குப் போனாள். சாட்சி நேரத்தில் பாஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து முன்னால் நடந்தாள். மைக் கீச்சென்று கத்தியது.

"எங்க ஊட்டுக்காரரு போன மாசம் இங்க சொன்னது பொய்யி. அவரு பொய் சொல்லல, அவருக்குத் தெரியாது. நான்தான் ஏமாத்துனேன். அவரு குடிச்சது பனைவெல்லம் இல்ல. நர்ஸம்மா குடுத்த இனிப்பு மாத்திர. டாக்டரு குடுத்த சுகர் மாத்திரையும் ஒருநாள் தப்பாம போட்டாரு, அதான் எறங்குச்சு. வெல்லம் குடிச்ச மூணு வாரத்துல முன்னூத்திப் பத்து ஏறுனதுதான் மிச்சம்."

பையைக் கவிழ்த்தாள். வரதன் கடை முத்திரை போட்ட பாக்கெட்டுகள் பதினாலு, ஒன்றுகூடப் பிரிக்காதவை, சிமென்ட் தரையில் உருண்டன. ஆண்கள் பக்கம் யாரோ குபீரென்று சிரித்தார்கள். பாஸ்டர் ஸ்டீபன் பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரம் என்றார். சபையும் அதே பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்றது. சாலமோன் பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ஐம்பதடி உயரத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் அவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்து கங்கம்மா பார்த்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

பின்வரிசையிலிருந்து ஜெபா கேட்டாள். "அப்ப நான் இன்னாத்தப் போட்டுக் குடிக்கறது?"

"ஒண்ணும் போடாத அண்ணி. தொண்ட காஞ்சா தண்ணி குடி. நிறுத்துன மாத்திரையப் போடு. இப்ப எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பிரிக்காத பாக்கெட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெபா எழுந்தாள். சபை முடிவதற்குள் இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அட்மிஷன் போட்டுவிட்டு டாக்டரம்மா சொன்னார், சுண்டுவிரலை எடுத்தே ஆகவேண்டும், இன்னும் பத்து நாள் கழித்து வந்திருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்று. சாலமோன் சாயங்காலம் வந்து அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்றான். கங்கம்மா நகர்த்திவைத்த ஸ்டூலில் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது பிளாஸ்க்கைக் கையில் எடுத்து நின்றான்.

"இன்னா போட்ட?"

"ஒண்ணும் போடல. டீத்தூளு, சுக்கு, தண்ணி. தமிழ்செல்வி மொதல்ல அதான சொன்னா? நாமதான் ரெண்டு பேரும் காதுல வாங்கல. நீ வெல்லத்துக்கு ஓடன, நான் டப்பாவத் தூக்கிக்கினு ஓடனேன்."

அவன் மூடியை இறுக்கித் திருகினான். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான். வழியில் ஏதாவது கடையில் நாலு ஸ்பூன் சர்க்கரை வாங்கிக் கொட்டிக்கொள்வான், இல்லாவிட்டால் வரதனிடம் போய் நிற்பான் என்று கங்கம்மா நாள் பூராவும் பொருமிக்கொண்டே அறுநூறு டீ போட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு, லேட்டாக வந்தான். வண்டியின் பின்னால் சுருட்டிய பிளெக்ஸ் கட்டியிருந்தது. கிழித்து இறக்கியிருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஏணி போட்டு ஏறி, மழைக்கு ஒழுகுகிற பாத்ரூம் கூரைமேல் அதைக் கவிழ்த்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தான். மாலை போட்ட மூஞ்சி ஓட்டைக்கு மேலே குப்புறக் கிடந்தது.

கங்கம்மா பிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். காலி.

"குடிச்சியா, மேலர்ந்து ஊத்திட்டியா?"

"எப்பிடி ஊத்தறது? கீழ எட்டு பேரு நிக்கறானுங்கமே."

"அப்ப எப்பிடி இருந்துச்சு?"

சாலமோன் ஏணியிலிருந்து இறங்கி, கையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டினான்.

"கேவலமா இருந்துச்சு. நாளைக்கும் அதையே போட்டுக் குடு" என்றான்.

மூன்று மாதத்தில் டீயைப் பற்றி அந்த மனுஷன் சொன்ன முதல் உண்மை அதுதான்.